சக்கரம் பூட்டிய வீட்டுக்கு எது கிழக்கு

1987ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். வெப்பமானி நான்கு பாகை காட்டியது. தூறல் விழுந்துகொண்டிருந்தது, குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் சேட்டுக் கழுத்து நனையும், அப்படியான தூறல். ஹம் நகரில் மைத்துனரின் தொடர்மாடி வீட்டுக்கு முன்னால் நானும் மனைவியும் ஒரு பழைய மஞ்சள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தோம். காருக்குப் பின்னால் ஒரு வோன்வாகன் கொளுவியிருந்தது. வோன்வாகன் என்றால் காரால் இழுத்துக்கொண்டு போகும் வீடு. ஒரு கட்டில், ஒரு மடிப்பு மேசை, இரண்டு அடுப்பு, ஆறு யன்னல். ஜெர்மன்காரர்கள் அதில் விடுமுறைக்குப் போவார்கள். நாங்கள் வேலை தேடிப் போனோம்.

மைத்துனர் என் மனைவியின் தம்பி. சாரத்துக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கார் யன்னலில் சாய்ந்து நின்றார்.

“ராகுகாலம் ஒன்பது மணிக்குத்தானே அத்தான். இருட்டோடை எழும்பி ஏன் இந்த அவதி?”

“அதுக்கிடையிலை நகர எல்லையைத் தாண்டோணும்.”

“எல்லை ஆறு கிலோமீற்றர். ஓம், நீங்கள் ஓடுற ஓட்டத்துக்கு ஒன்பதாகும்.”

மனைவி சிரித்தாள். அந்தப் பயணத்தில் என்னைப் பார்த்து அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மைத்துனர் வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர், ஒரு கழிவறை. நானும் மனைவியும் நடு அறையில் நிலத்தில் ஒரு மெத்தையில் படுத்தோம். இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் எங்கள் காலைத் தாண்டித்தான் குசினிக்குப் போகவேண்டும். அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் கிடைத்து ஒன்பது மாதமாகியிருந்தது. அதற்கு முதல் எல்லை தாண்டவும் அனுமதியில்லை, வேலை செய்யவும் அனுமதியில்லை. அனுமதி வந்த பிறகு வேலை வரவில்லை. எங்களுக்கு வேண்டியது அதிகமில்லை. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் நிலையான வேலை, படுக்க ஓர் அறை. ஆனால் அது குளிர்காலத்துக்கு முன்னர் கிடைத்தாக வேண்டும். எங்கள் வோன்வாகனில் வெப்பமூட்டி இல்லை. முதல் சொந்தக்காரர் அதைத் தனியே கழற்றி விற்றிருந்தார். பனி விழத் தொடங்கினால் அதில் இருக்க ஏலாது. திரும்பவும் அந்த மெத்தைதான்.

மைத்துனருக்கும் இது தெரியும். “மெத்தையைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னாலை வைக்கிறன் அத்தான். ஒக்டோபரிலை வந்து எடுங்கோ.”

“எறிஞ்சு போடும்.”

“சீ, நல்ல மெத்தை.”

வோன்வாகன் வாங்கியது என் யோசனை. தோட்டக்காரர்களுக்கு ஆட்கள் தேவை, ஆனால் ஆட்களுக்குப் படுக்க இடம் கொடுக்கத்தான் பஞ்சி, வீட்டோடு போய் நின்றால் வேலை நிச்சயம் என்று எல்லோருக்கும் சொன்னேன். தொளாயிரம் மார்க் கொடுத்தேன். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. மைத்துனர் வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது. அந்த வாசலால் இறங்கிப் போய் நான் தபாலில் போட்ட வேலை விண்ணப்பங்கள் பதினேழும் திரும்பி வந்தன. ஊரில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவன். பதினேழுக்குப் பதினேழு தற்செயலாக இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. மூன்றாம் மாடியில் இருக்கிற வீட்டைத் திருப்ப ஏலாது. சக்கரம் பூட்டிய வீட்டைத் திருப்பலாம். எந்த ஊரில் போய் நின்றாலும் வாசலைக் கிழக்கே வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு மார்க் ஐம்பது பெனிக்குக்கு ஒரு திசைகாட்டி வாங்கினேன். வோன்வாகனின் கதவு வலப்பக்கம் இருந்தது. வண்டியின் முன்பக்கம் வடக்கே பார்த்தால் கதவு தானாகவே கிழக்கே பார்க்கும். முன் யன்னலோரம் இருந்த மடிப்பு மேசை ஒன்றுதான் அந்த வண்டியில் சரிவில்லாமல் சமமாக இருந்த பொருள். திசைகாட்டியை அதில் வைப்பேன். ஊசி முன் யன்னலைக் காட்டினால் சரி.

மனைவி நான் செய்து காட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வேலை தாறவன் கதவு எந்தப் பக்கமெண்டு கேப்பானே?”

“கேக்கமாட்டான். அது எங்கடை விசயம்.”

“கேட்டாலும் பயமில்லை. என்ரை மனுசன் நிக்கிற பக்கமெண்டு சொல்லுறன்.”

முதலில் தெற்கே போனோம். மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் நான் ஓடவில்லை. பின்னால் ஒரு வீட்டை இழுக்கிறோம் என்ற நினைவு எனக்கு ஒரு நொடியும் விலகவில்லை. ஒரு ஏற்றத்தில் பக்கக் கண்ணாடியால் எண்ணிப் பார்த்தபோது எங்களுக்குப் பின்னால் முப்பத்தொரு கார்கள் வந்துகொண்டிருந்தன. நான் வியர்த்தேன். மனைவி கழுத்தைத் திருப்பி ஆறுதலாகப் பார்த்தாள்.

“தேர் இழுக்கிற மாதிரித்தான் இருக்கு. பின்னாலை சனமும் வருது.”

பிராங்பேர்ட்டைத் தாண்டி ரைன் ஆற்றுச் சமவெளியில் ஸ்பார்கல் தோட்டங்கள் இருக்கின்றன. ஸ்பார்கல் என்பது மண்ணுக்குள்ளேயே வெள்ளையாக வளரும் ஒரு தண்டு. வெயில் படுமுன் அதைக் கிண்டி வெட்டவேண்டும்; அதனால் விடியற்காலையில் ஆட்கள் வேண்டும். திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு தோட்டத்தில் போய்க் கேட்டோம். தோட்டக்காரர் எங்கள் கைகளைப் பார்த்தார், வோன்வாகனைப் பார்த்தார், திருப்திப்பட்டது போலிருந்தது. கொட்டிலோரம் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே நிறுத்துங்கள், காலை நான்கரைக்கு வாருங்கள், நன்றாகச் செய்தால் இலையுதிர்காலம் வரைக்கும் வேறு வேலையும் இருக்கிறது என்றார்.

நிறுத்தினேன். மேசையில் திசைகாட்டியை வைத்தேன். கதவு மேற்கே பார்த்தது.

மனைவி அதற்குள் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கியிருந்தாள். “மேற்கெண்டால் என்ன, அதுவும் ஒரு திசைதானே. விடியத்தான் எழும்பப்போறம்.”

“முதல் இடம். முதல் இடத்திலையே பிழை விடக் கூடாது. நீர் ஒருக்கா இறங்கும்.”

வண்டியைக் காரிலிருந்து கழற்றி இருவரும் கையால் தள்ளினோம். அரைவாசி திரும்பியபோது ஒரு சக்கரம் மணலில் புதைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ள, பின்மூலை வேலிக் கட்டையில் இடித்துக் கட்டை முறிந்தது. வோன்வாகன் படலைக்குக் குறுக்கே நின்றது. அந்த நேரம் பார்த்து, அன்றைய ஸ்பார்கல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரம் வந்தது. அவற்றைச் சுணங்காமல் குளிர்ந்த தண்ணீரில் போடவேண்டுமாம். நாற்பது நிமிடம் சுணங்கியது. தோட்டக்காரர் கத்தவில்லை. வந்து தானும் ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தள்ளினார். கடைசியில் வண்டி அசல் வடக்கே பார்த்து நின்றது. ஊசி மயிரிழையும் பிசகவில்லை. அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

நான்கரை மணிக்குப் போனபோது தோட்டக்காரர் எங்களை வயலுக்கு அனுப்பவில்லை. வண்டி நிறுத்த ஒரு மணித்தியாலம் எடுக்கிறவர்கள் ஒரு வரிசை வெட்டி முடிக்க எவ்வளவு எடுப்பார்கள் என்று தன்மையாகத்தான் கேட்டார். வேலிக் கட்டைக்கு அறுபது மார்க் வாங்கிக்கொண்டார்.

காரில் மனைவி வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாற்பது கிலோமீற்றர் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், “இஞ்சருங்கோ” என்றாள்.

“என்ன?”

“கிழக்கு வாசலாலை இறங்கித்தானே இண்டைக்கு வந்தனாங்கள்?”

“ஓம்.”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறுபட்டினத்துப் பழைய சாமான் சந்தையில் மனைவி ஒரு கசற் ரேடியோ வாங்கினாள். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய ஒலிபெருக்கி, நடுவில் கசற் போடும் இடம், கறுப்பு நிறம், ஒரு பிள்ளையின் பாரம். ஐம்பது மார்க் சொன்னவனிடம் விரல்களைக் காட்டிக் காட்டியே முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தாள். வேலையில்லாத நேரத்தில் இது எதற்கு என்று நான் முணுமுணுத்தேன். “உங்களோடை ஒரு பெட்டிக்குள்ளை இருக்கிறதெண்டால் எனக்கும் கதைக்க ஆரும் வேணும்” என்றாள். முதலில் அதைக் கட்டிலோரம் வைத்திருந்தாள். இரண்டு மூன்று நாளில் முன் யன்னலுக்குக் கீழே மேசையோடு ஒட்டியிருந்த தட்டுக்கு மாற்றினாள். அங்கே வைத்தால்தான் அலை பிடிக்கிறதாம். நல்ல இடம்தான். மேசையில் சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கலாம்.

அதற்குப் பிறகு எங்களுக்குத் திசை வாய்க்கத் தொடங்கியது. ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் போய் நிறுத்தினோம். மேசையில் திசைகாட்டியை வைத்தேன். ஊசி ஒரு குலுக்குக் குலுக்கி நேரே முன் யன்னலைக் காட்டியது. தள்ளத் தேவையில்லை. செர்ரித் தோட்டத்திலும் அப்படியே. விடுமுறைக்காரர் கூடாரம் அடிக்கும் ஓர் ஆற்றங்கரை முகாமில் துணி வெளுக்கிற இடத்தில் மூன்று கிழமை மனைவிக்கு மட்டும் வேலை கிடைத்தது. அங்கே இலக்கம் போட்ட கட்டத்துக்குள் அவர்கள் சொன்னபடிதான் நிறுத்தவேண்டும், ஆனால் அதுவும் சரியாகவே அமைந்தது. ஏழாவது இடமும் சரியாக வந்த இரவில், இது தற்செயலில்லை, வழி திறக்கிறது என்று மனைவிக்குச் சொன்னேன்.

“ஓமப்பா, திறக்குது” என்றாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் ஒரு காலை நினைவிருக்கிறது. ஜூன் மாதம். நான் முன் யன்னல் திரையை ஒருபோதும் திறப்பதில்லை. இடுக்கால் காற்று வரும், போகிறவன் வருகிறவன் பார்ப்பான். அன்று மனைவி தேநீர் வைத்துக்கொண்டே திரையை விலக்கினாள். வெயில் நேரே என் கண்ணில் அடித்தது.

“இஞ்சருங்கோ, இண்டைக்குச் சூரியன் வடக்காலை வாறார்.”

நான் எழுந்து உட்கார்ந்து அவளுக்கு விளக்கினேன். இது வடக்கு நாடு, கோடையில் இங்கே சூரியன் கிழக்கில் உதிக்காது, வடக்கே சரிந்துதான் உதிக்கும், இன்னும் மேலே போனால் சில நாள் மறையவே மறையாது என்று ஒரு கோப்பையைப் பூமியாகவும் விளக்கைச் சூரியனாகவும் வைத்துக் காட்டினேன். பத்து நிமிடம் பிடித்தது. அவள் குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பொறுமையாக என் பேச்சை அவள் அதற்கு முதல் கேட்டதில்லை.

“பேந்து மத்தியானம் எங்கை நிப்பார்?” என்றாள் கடைசியில்.

“இது வேலைக்குப் போற நேரம். கோப்பையைக் கழுவும்.”

வாசல் வாய்த்தது, வேலை நிலைக்கவில்லை. பழம் முடிந்தால் வேலை முடிந்தது. நான் வேலை கேட்கப் போகும்போது கழுத்துப்பட்டி கட்டி, சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பை ஒரு கோப்பில் எடுத்துக்கொண்டு போவேன். இரண்டு இடத்தில் என்னைக் காப்புறுதி விற்க வந்தவன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார்கள். பிறகு மனைவி முன்னால் போனாள், நான் கோப்போடு பின்னால் நின்றேன். ஓகஸ்ட் போயிற்று. இரவில் இரண்டு போர்வை போதவில்லை. மைத்துனருக்குத் தொலைபேசி எடுத்தபோது, “அலுமாரிக்குப் பின்னாலை தூசு பிடிச்சிட்டுது அத்தான், தட்டி வைக்கட்டே?” என்று கேட்டார். நான் காசு முடிந்துவிட்டதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். இன்னும் நான்கு நாணயம் கையில் இருந்தது.

செப்டெம்பர் நடுப்பகுதியில் வடக்கே, கடலுக்கு ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஒரு மரக்கன்றுப் பண்ணைக்கு வந்து சேர்ந்தோம். பண்ணைக்காரிக்கு அறுபது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, வாயில் எப்போதும் அணைந்துபோன ஒரு சுருட்டு. கருவிக் கொட்டிலுக்கு முன்னால் வோன்வாகனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். ஊசி முன் யன்னலைக் காட்டியது.

மனைவிக்குக் கன்றுகளைச் சாடியில் நடுகிற வேலை. எனக்குக் கன்றுகளை ஐம்பது ஐம்பதாக எண்ணிக் கட்டுகிற வேலை. என் வாழ்க்கையில் இவ்வளவு பொருத்தமான வேலை எனக்கு வாய்த்ததில்லை. நான் எண்ணினேன். கட்டிய பிறகு, சந்தேகத்துக்கு அவிழ்த்து இன்னொருமுறை எண்ணினேன். மற்றவர்கள் மூன்று கட்டு முடிக்கும்போது நான் ஒன்று முடித்தேன். இரண்டு கிழமை பார்த்துவிட்டுப் பண்ணைக்காரி சொன்னார்: “உன் மனைவி மூன்று ஆளுக்குச் சமம். உன்னையும் சேர்த்தால் சராசரி இரண்டு.” கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். என்னை ஓர் ஆளாகத்தான் எடுத்திருக்கிறார், குறைக்கவில்லை. அன்று பின்னேரம் அதை மனைவிக்குச் சொல்லி ஆறுதல்பட்டேன்.

ஒக்டோபரில் யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் பனி படியத் தொடங்கியது. கோட்டும் இரண்டு சோடிக் காலுறையும் போட்டுக்கொண்டு படுத்தோம். காலையில் நல்லெண்ணெய்ப் போத்தல் உறைந்திருக்கும். இன்னும் பத்து நாள் என்று நான் மனத்தில் ஒரு நாளைக் குறித்திருந்தேன். அதற்குள் ஒன்றும் சரிவராவிட்டால் ஹம். மனைவிக்குச் சொல்லவில்லை. அவளும் குறித்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவளுடையது எட்டு நாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பண்ணைக்காரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நவம்பர் தொடக்கம் இருவருக்கும் நிலையான வேலை, ஒப்பந்தம் எழுதித் தருவார். கருவிக் கொட்டிலுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, விறகடுப்பு உண்டு, அதில் இருக்கலாம். வேறொரு சோடியும் இதே வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள், நாளை மத்தியானத்துக்குள் பதில் வேண்டும்.

மனைவி அங்கேயே ஓம் சொல்ல வாயெடுத்தாள். நான் அறையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றேன்.

கொட்டிலின் வெளிப்பக்கத்தால் மரப்படி ஏறுகிறது. பதின்மூன்று படி. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அறை நன்றாகத்தான் இருந்தது. சாய்ந்த கூரை, இரண்டு யன்னல், இரும்படுப்பு. நிலத்தின் நடுவில் திசைகாட்டியை வைத்தேன். கதவு தெற்கே பார்த்தது. தெற்கென்றால் கொஞ்சம் சரிந்த தெற்கல்ல, அச்சுப் பிசகாத தெற்கு.

வாசலில் வந்து நின்றேன். தெற்கு வாசலுக்குத் திரும்பிப் போகவா ஆறு மாதம் நாடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தோம்? ஹம் வீட்டு வாசலும் பதினேழு கடிதங்களும் கண்ணில் வந்தன. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? குளிருக்கு ஒரு சின்ன அடுப்பு வாங்கி வோன்வாகனிலேயே இருந்துகொள்கிறோம், ஒப்பந்தத்தை மட்டும் தாருங்கள் என்று கேட்டால் சம்மதிப்பாரா? இப்படி யோசித்துக்கொண்டு கீழே பார்த்தேன். எங்கள் வோன்வாகன் முற்றத்தில் நின்றது. அதன் கதவு திறந்திருந்தது. படியில் உட்கார்ந்து மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்ற கதவு எந்தப் பக்கம் பார்த்ததோ, அதே பக்கம் அந்தக் கதவும் பார்த்தது. இரண்டு கதவுக்கும் முன்னால் அதே வேலி, அதே பண்ணைவீட்டுப் புகைபோக்கி.

கீழே இறங்கினேன். மனைவியைத் தாண்டி உள்ளே போய் மேசையில் திசைகாட்டியை வைத்தேன். கதவு கிழக்கு. மேலே ஏறினேன். கதவு தெற்கு. இறங்கினேன். கிழக்கு. பதின்மூன்று படி ஏறி இறங்கி, மூன்றாவது முறை மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முறையும் மனைவி முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். நான்காவது முறை வெங்காயத்தைக் கோப்பையில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“ரேடியோவை எடுத்து வைச்சிட்டுப் பாருங்கோ.”

“என்ன?”

“ரேடியோவை. அந்தப் பக்கம், கட்டிலிலை வையுங்கோ.”

வைத்தேன். மேசையிலிருந்த ஊசி நடுங்கி, ஒரு வட்டம் போக யோசித்து, பிறகு சாவகாசமாகத் திரும்பி இடப்பக்கத்து அடுப்பைக் காட்டி நின்றது. வடக்கு அங்கேதான். வண்டியின் முன்பக்கம் கிழக்கே பார்த்தது. கதவு தெற்கே பார்த்தது. ஐந்து கிழமையாக.

ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது என்பது படித்த எனக்குத் தெரியும். அது என் மேசையில் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவில்லை.

“உமக்கு எப்ப தெரியும்?”

“வாங்கி இரண்டாம் நாள். நீங்கள் திசைகாட்டியைக் கட்டிலிலை எறிஞ்சிட்டு முகம் கழுவப் போனீங்கள். ரேடியோவை அங்காலை இங்காலை அரக்க அதுவும் அங்காலை இங்காலை ஆடுது. நல்ல வடிவா இருந்தது.”

“அப்ப வேணுமெண்டுதான் தட்டிலை வைச்சனீர்?”

“இல்லாட்டி என்ன செய்ய? ஒவ்வொரு தோட்டத்திலையும் வேலியை உடைச்சு உடைச்சு அறுபது அறுபதா குடுக்கிறதே? எனக்கு இடுப்பும் ஏலாது.”

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாசலில் உட்கார இடம் இல்லாததால் மேசையில் போய் உட்கார்ந்தேன். செர்ரித் தோட்டம், ஸ்ட்ரோபெரித் தோட்டம், வடக்கால் வந்த சூரியன், கோப்பையும் விளக்கும். அந்தப் பத்து நிமிடம்.

“ஒரு இடத்திலையும் கிழக்கில்லையே?” என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். அவள் காலையில் சமைக்கிறவள், எந்த யன்னலால் எப்போது வெயில் வந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

“ஒரு இடம் இருந்தது. சரியான கிழக்கு.”

“எது?”

“ஸ்பார்கல் தோட்டம்.”

முற்றத்தில் யாரோ ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

“இஞ்சருங்கோ,” என்றாள், இம்முறை பகிடிக்குரல் இல்லை. “எனக்குக் காலெல்லாம் விறைக்குது. இரவு நித்திரை இல்லை. உங்களுக்கும் இல்லையெண்டு தெரியும், எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறியள். இந்த அஞ்சு கிழமையும் தெற்கு வாசலாலை இறங்கித்தான் வேலைக்குப் போனனாங்கள். அந்த மனுசி இண்டைக்கு எங்களைக் கூப்பிட்டது. இனியும் உங்களுக்குக் கிழக்கு வேணுமெண்டால் சொல்லுங்கோ, அந்தக் கொட்டிலையும் இறங்கித் தள்ளுவம்.”

நாளை மத்தியானம் வரை நேரம் இருந்தது. நான் அன்று பின்னேரமே போய்க் கையெழுத்து வைத்தேன். பண்ணைக்காரி, அறை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். வாசல் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் சுருட்டை எடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மாத முடிவில் மைத்துனர் ஒரு நண்பரின் காரை எடுத்துக்கொண்டு ஹம்மிலிருந்து வந்தார். காரின் கூரையில் மெத்தை கட்டியிருந்தது.

“ஒக்டோபர் முடியுது, நீங்கள் வந்து எடுக்கிற பாடாயில்லை. அதுதான் நானே கொண்டு வந்திட்டன் அத்தான்” என்றார். பதின்மூன்று படியிலும் அதை நானும் அவருமாக ஏற்றினோம். அவர் முன்னால், நான் பின்னால். அறையில் கட்டில் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அதே மெத்தையில்தான் படுத்தோம். எங்கள் காலைத் தாண்டிப் போக ஒருவரும் இருக்கவில்லை.

மெத்தையை விரிக்கும்போது தலைமாடு எந்தப் பக்கம் என்று பார்க்க நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன்.

“ரேடியோவைக் கொண்டுவரட்டே?” என்றாள் மனைவி. மைத்துனருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கப்படுத்தாதே என்று கண்ணைக் காட்டினேன். அவள் விளங்கப்படுத்தினாள். அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டில் சந்தித்தாலும் அவர் என்னிடம் முதலில் கேட்பது, சாப்பாட்டுப் பந்தி எந்தத் திசையில் என்பதுதான்.

வோன்வாகனை அடுத்த வசந்தத்தில் பண்ணைக்காரிக்கே ஐந்நூறு மார்க்குக்கு விற்றேன். அவர் அதைப் பூச்சாடிகள் அடுக்கி வைக்கும் களஞ்சியமாக்கினார். கதவை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தொன்பது வயது. நேற்று இதையெல்லாம் எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தேன். வண்டி, கொளுவி, பெற்றோல், எரிவாயு, முகாம் வாடகை, வேலிக் கட்டை, திசைகாட்டி, ரேடியோ எல்லாம் சேர்த்து, விற்ற காசைக் கழித்தால், ஆயிரத்து எழுநூற்று இருபத்தொரு மார்க் எண்பது பெனிக். மனைவி என் தோளுக்கு மேலால் பார்த்தாள். கண்ணாடி இல்லாமலும் இலக்கம் மட்டும் அவளுக்குத் தெரியும்.

“ரேடியோக் காசை ஏன் சேர்த்தனீங்கள்? அது ஒண்டுதானே ஒழுங்கா வேலை செய்தது.”

கழித்துவிட்டேன். ஆயிரத்து அறுநூற்று எண்பத்தாறு மார்க் எண்பது பெனிக்.